சாலிட் மர யுகுலேலே மக்கர் செய்கிறதா? அரத்தை எடுக்கும் முன் ஈரப்பதத்தைப் பாருங்கள்

யுகுலேலே கிட்டார் மாதிரி நான்கு தந்திச் சிறு கருவி. பிளைவுட் இல்லாமல் முழு மரப் பலகையில் செய்த சாலிட் மர யுகுலேலே மக்கர் செய்தால், பெரும்பாலும் குற்றவாளி அறைக்காற்றுதான். காற்றைச் சரிசெய்தால் மரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அரம் போட்டுத் தேய்த்த ஃபிரெட்டும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) சேடிலும் (மேல் பலகைப் பக்கம் தந்தியைத் தாங்கும் சிறு பட்டை) திரும்பாது. அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றேதான்: ஈரப்பதமானி என்ன காட்டுகிறது?

மானி இல்லாமல் மேலே போக வேண்டாம்

தீப்பெட்டி அளவில் டிஜிட்டல் ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஹைக்ரோமீட்டர் என்று தேடினால் ஆன்லைனில் வரும். மலிவானவை கொஞ்சம் தப்பாகக் காட்டும், ஆனால் எவ்வளவு தப்பு என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு பாட்டில் மூடி நிறைய சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். உப்பு கரைந்து ஓடக் கூடாது. ஈர மணல் பதத்தில் இருக்க வேண்டும். மூடியையும் மானியையும் ஒரு ஜிப்லாக் பைக்குள் ஒன்றோடொன்று படாமல் வைத்து, இறுக மூடி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஈர உப்போடு அடைபட்ட காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் போய் நிற்கும். காலையில் மானி 69 காட்டினால், இனி அது சொல்லும் எண்ணோடு எப்போதும் ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மானியின் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள், பிறகு மறந்துபோகும்.

45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் கருவிக்கு நல்லது. 40-க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். 65-க்கு மேல் வாரக்கணக்கில் இருந்தால் தொல்லை மெதுவாக வரும், ஆனால் வரும்.

காரணம் எளிது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. குறுக்குவாக்கில்தான் விரியும், சுருங்கும். யுகுலேலேவின் மேல் பலகை 2 மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அந்த மெல்லிய பலகை காற்றில் உள்ள ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாக இருக்கும். பிளைவுட்டில் ஒரு அடுக்கு சுருங்கப் பார்த்தால், அதற்குக் குறுக்கே ஒட்டிய அடுத்த அடுக்கு அதை விடாது. சாலிட் பலகைக்கு அந்தப் பிடி இல்லை. நன்றாகப் பேசுவதும் அதனால்தான், வெடிப்பதும் அதனால்தான்.

கருவி பிறந்த இடத்தையும் யோசியுங்கள். 1879 ஆகஸ்டில் மதீரா தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹொனலுலுவில் வந்து இறங்கியவர்களில் மானுவல் நூனெஸ், அகுஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சான்டோ என்று மூன்று மரவேலைக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் ஊர்ச் சிறு கிட்டாரிலிருந்து ஹவாயில் உருவானதுதான் யுகுலேலே. அதற்கு வாய்த்த மரம் கோவா. ஹவாய்த் தீவுகளில் மட்டும் இயற்கையாக வளரும் இது நம்மூர்க் கருவேலத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஆக, இது கடற்காற்றில் பிறந்த கருவி. சென்னையில் உள்ளவர்களுக்கு வறட்சி பயம் குறைவு. மழைக்கால ஈரம்தான் பிரச்சினை. பெங்களூரில் மார்ச் மாத மதியங்களில் காற்று நன்றாகவே காய்ந்துவிடும். டொரண்டோவில் இருப்பவர்கள் ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வீட்டில் மானியைப் பார்த்தால் 20, 25 என்று காட்டும். சாலிட் மரத்துக்கு அதுதான் மிக மோசமான காலம்.

அறிகுறி: சாலிட் என்று சொல்லி விற்றார்கள், ஆனால் சந்தேகமாக இருக்கிறது

ஒலித்துளையின் ஓரத்தைப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் பலகையின் கனத்துக்குள்ளும் தொடர்ந்து இறங்கினால் சாலிட். சாண்ட்விச் மாதிரி இரண்டு மூன்று அடுக்கு தெரிந்தால் பிளைவுட். ஓரத்தில் வளையம் ஒட்டி மறைத்திருந்தால் பின் பலகைக்குப் போங்கள். வெளியே ஒரு கணுவோ, கறுப்பு வரியோ இருந்தால் அதே இடத்தில் உள்ளேயும் இருக்கிறதா என்று மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வேறு மரம் தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும்.

விளம்பர வாசகத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். 'சாலிட் டாப்' என்றால் மேல் பலகை மட்டும்தான் சாலிட். பக்கமும் முதுகும் பிளைவுட். 'ஆல் சாலிட்' என்றால்தான் முழுக்க. 'ஆல் மஹாகனி' என்று மட்டும் போட்டு சாலிட் என்ற சொல்லே இல்லையென்றால், மஹாகனித் தோல் ஒட்டிய பிளைவுட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

என் கருத்தைக் கேட்டால், பஸ்ஸிலும் ரயிலிலும் தூக்கிக்கொண்டு அலைபவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சுவரில் ஆணியில் மாட்டிவைக்க நினைப்பவர்கள் நல்ல பிளைவுட் கருவியே வாங்கலாம். கேஸுக்குள் வைத்து மூடும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் முழு சாலிட் சரிப்படும். இரண்டுக்கும் நடுவில் சாலிட் டாப் நல்ல சமரசம். ஒலியில் பெரும்பங்கு மேல் பலகையிலிருந்துதான் வருகிறது. மரம் எது என்று ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கோவா விலை அதிகம். மஹாகனி இதமாகப் பேசும். மாமரத்தில் செய்ததும் ஹவாயிலேயே உண்டு, நன்றாகவே இருக்கும்.

அறிகுறி: சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது

தந்தி புதிதா? அப்படியானால் கோளாறு எதுவும் இல்லை. நைலானும் ஃப்ளூரோகார்பனும் இழுபட்டு முடிய சில நாட்கள் ஆகும். நான்கு தந்தியையும் ஜி, சி, ஈ, ஏ என்ற சுரங்களுக்குச் சேர்த்துவிட்டு, ஒவ்வொரு தந்தியையும் பன்னிரண்டாம் ஃபிரெட் அருகே இரண்டு விரலால் பிடித்து மெதுவாக மேலே இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள். ஏ தந்தி 440 ஹெர்ட்ஸில் நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யலாம்.

பழைய தந்தியும் நழுவுகிறதென்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். பிரிட்ஜில் (மேல் பலகையில் தந்தி கட்டும் கட்டை) போட்ட முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாக வழுக்குகிறதா? முடிச்சின் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் மறுநாள் தெரிந்துவிடும். அடுத்தது ட்யூனர், அதாவது தலைப்பகுதியில் தந்தியை முறுக்கும் திருகாணி. பல் சக்கரம் இல்லாமல் உராய்விலேயே நிற்கும் பழைய மாதிரி ட்யூனராக இருந்தால், அதன் பின்பக்கக் குமிழில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைக் கால் சுற்று முறுக்கினால் பிடித்துக்கொள்ளும்.

ஏசி போட்டதும் எல்லாத் தந்தியும் ஒன்றாகச் சேர்ந்து மாறினால் அது இயல்பு. அறை பழைய நிலைக்கு வந்ததும் தானாகத் திரும்பும்.

அறிகுறி: கை கருவியின் கழுத்தில் நகரும்போது ஃபிரெட் முனை கீறுகிறது

இது கருவி வறண்டிருக்கிறது என்பதற்கான முதல் எச்சரிக்கை. விரல் பலகை சுருங்கிவிட்டது, உலோக ஃபிரெட் சுருங்கவில்லை. அதனால் முனை வெளியே நீட்டுகிறது. இந்த நேரத்தில் யாராவது அரத்தை எடுத்தால் தடுத்துவிடுங்கள். மேல் பலகையையும் ஒரு பார்வை பாருங்கள்: ஒரு ஸ்கேலை நிமிர்த்தி பிரிட்ஜுக்குப் பின்னால் குறுக்கே வைத்தால், நடுவில் லேசாக மேடாக இருக்க வேண்டிய பலகை பள்ளமாகத் தெரிகிறதா? தெரிந்தால் வறட்சி உறுதி.

கடையில் விற்கும் ஈரமூட்டி வேண்டாம் என்றால் ஒரு சோப்பு டப்பா போதும். மூடியில் ஊசியைச் சுட வைத்துப் பத்துப் பதினைந்து ஓட்டை போடுங்கள். உள்ளே ஒரு துண்டு ஸ்பாஞ்சை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து வையுங்கள். ஆர்ஓ தண்ணீர் நல்லது, உப்புப் படியாது. டப்பாவைக் கேஸில் தலைப்பகுதிப் பக்கம் வைத்து, மானியை உடல் பக்கம் போட்டு மூடிவிடுங்கள். டப்பா மரத்தைத் தொடவே கூடாது. அவசரப்பட்டு ஒரே நாளில் ஐம்பதுக்கு ஏற்ற வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் ஏறினால் போதும். ஏறிய பிறகும் முனை கீறினால் அப்போது லேசாகத் தேய்க்கலாம், அது நியாயம். முக்கால்வாசி நேரம் தேவைப்படாது.

கேஸ் இல்லாமல் துணி உறை மட்டும் இருந்தால் இந்த வேலை பலிக்காது. உறையோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிவையுங்கள். பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

அறிகுறி: 'ஜிர்ர்' என்று ஒரு கூடுதல் சத்தம்

தம்புராவில் ரீங்காரம் வர, ஜீவா வைக்க நூல் போட்டு மெனக்கெடுகிறோம். யுகுலேலேவில் அதே சத்தம் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. இந்தச் சத்தத்துக்குக் காரணங்கள் பல. எங்கே எப்போது வருகிறது என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு தந்தியையும் முதலில் திறந்தபடி, பிறகு ஒவ்வொரு ஃபிரெட்டாக அழுத்தி, ஒரே பலத்தில் மீட்டிப் பாருங்கள். ஃபிரெட்டுக்கு ஒட்டினாற்போல் அழுத்த வேண்டும். நடுவில் அழுத்தினால் நல்ல கருவியும் ஜிர்ரென்னும்.

திறந்த தந்தியில் மட்டும் வந்து, எந்த ஃபிரெட்டை அழுத்தினாலும் நின்றுபோனால் நட்டில் (கழுத்தின் தலைப்பகுதி முனையில் தந்திகள் உட்காரும் பட்டை) உள்ள பள்ளம் ஆழமாகிவிட்டது. அந்தத் தந்தியைத் தளர்த்தி, பள்ளத்துக்குள் ஒரு சின்னக் காகிதத் துண்டை வைத்து மறுபடி சுருதி சேருங்கள். சத்தம் நின்றால் நோய் அதுதான். காகிதத்தோடே மாதக்கணக்கில் வாசிப்பவர்களும் உண்டு. நிரந்தரமாக வேண்டுமானால் புது நட்.

ஒரே ஒரு ஃபிரெட்டில் அழுத்தும்போது மட்டும் வந்தால், அதற்கு அடுத்த ஃபிரெட் மேலே எழும்பியிருக்கிறது. மூன்று ஃபிரெட்டின் மேல் உட்காரும் அளவுக்கு நேரான ஏதாவது ஒன்றை, ஏடிஎம் கார்டின் ஓரத்தைக்கூட, வைத்துப் பாருங்கள். நடு ஃபிரெட் உயரமென்றால் கார்டு இப்படியும் அப்படியும் ஆடும். ஃபிரெட் தளர்ந்து எழும்பியிருந்தால் அழுத்தி உட்காரவைக்கலாம். அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

எல்லாத் தந்தியிலும், பல ஃபிரெட்டிலும், சில வாரங்களாகத்தான் வருகிறது என்றால் மறுபடியும் வறட்சி. மேல் பலகை இறங்கியதில் சேடிலும் கூடவே இறங்கி, தந்தி ஃபிரெட்டுக்கு நெருங்கிவிட்டது. சோப்பு டப்பா வைத்தியம்தான். இந்த நிலையில் உயரமான சேடில் செய்து போட்டால், மழைக்காலம் வந்ததும் தந்தி அண்ணாந்து நிற்கும்.

இன்னொரு வகை விசித்திரமானது: எந்தத் தந்தியில் வாசித்தாலும் ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு மட்டும் ஜிர்ரென்னும். அந்த அலைவெண்ணில் ஏதோ ஒரு தளர்ந்த பொருள் சேர்ந்து அதிர்கிறது. ட்யூனர் திருகு, ட்யூனர் வளையம், பிரிட்ஜில் முடிச்சுப் போட்டு வெட்டாமல் விட்ட தந்தி வால் பலகையைத் தொடுவது, உள்ளே பாதி உரிந்த லேபிள், ஒலிவாங்கியான பிக்கப்பின் ஒயர் என்று வரிசையாக ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிக்கொண்டே அந்தச் சுரத்தை வாசித்துப் பாருங்கள். வேறொருவர் அமுக்க நீங்கள் வாசித்தால் வேலை சுலபம். எதிலும் அகப்படவில்லையென்றால் பலகையை விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே குறுக்குச் சட்டம் ஒட்டு விட்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஓட்டைப் பானைச் சத்தம் வரும்.

அறிகுறி: தந்தி உயரமாகிவிட்டது, அழுத்தினால் விரல் வலிக்கிறது

பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலே தந்தி சுமார் இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் வாசிக்க சுகம். மூன்றைத் தாண்டினால் கை வலிக்கும். மானி 70 காட்டுகிறதா? அப்படியானால் பலகை உப்பியிருக்கிறது. ஏசி அறையில் சில நாள் வையுங்கள், அல்லது கேஸுக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது நிரம்பியது என்று தெரியும். பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டி, ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சுடவைத்தால் மறுபடி பயன்படும். அரிசி மூட்டை கட்டிப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தவிடும் வண்டும் கேஸுக்குள் குடிபோகும், வேண்டாம்.

அப்புறம் பிரிட்ஜ். அதன் பின் ஓரத்தில் ஒரு மெல்லிய காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் பெயர்கிறது. உடனே எல்லாத் தந்தியையும் தளர்த்திவிட்டு, வாசிப்பதை நிறுத்துங்கள். ஃபெவிக்விக்கைப் பிழிந்து அழுத்திவைக்கத் தோன்றும். அது ஒட்டுவதைவிட, பின்னால் ஒழுங்காக ஒட்ட வருபவருக்கு வைக்கும் வேட்டு பெரிது. பிரிட்ஜ் பெயர இன்னொரு காரணம் மதிய வெயிலில் பூட்டிய கார். கத்திரி வெயிலில் காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஒட்டுப் பசை இளகத் தொடங்கும் சூடு அது. டிக்கியும் அப்படித்தான். ஸ்டீல் தந்தி மாட்டினாலும் இதே கதி. கிட்டார்த் தந்தி நன்றாகக் கணீரென்று கேட்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஈரப்பதம் ஐம்பதில் நிற்கிறது, பிரிட்ஜ் திடமாக இருக்கிறது, ஆனாலும் உயரம் என்றால் சேடிலைத் தேய்க்கலாம். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர் குறைய, சேடிலில் ஒரு மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். சேடிலை உருவி, அடியில் பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடி மேல் ஒட்டிய 220 நம்பர் உப்புத்தாளில் நேராகப் பிடித்துத் தேயுங்கள். மேல் விளிம்பைத் தொடவே வேண்டாம். கோட்டை எட்டும் முன்பே ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

அறிகுறி: சுருதி சேர்த்தாலும் கார்டு (பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) அபஸ்வரமாக ஒலிக்கிறது

முதல் இரண்டு ஃபிரெட்டில் மட்டும் அபஸ்வரம், அதுவும் எஃப் கார்டில் ஈ தந்தி ஏறி ஒலிக்கிறது என்றால் நட் பள்ளம் ஆழம் போதவில்லை. தந்தியை இரண்டாம் மூன்றாம் ஃபிரெட்டுக்கு நடுவே அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேலே பாருங்கள். தலைமுடி நுழையும் இடைவெளி இருந்தால் சரி. விசிட்டிங் கார்டு நுழைந்தால் அதிகம். புதுக் கருவிகளில் இது சர்வ சாதாரணம். வாங்கிய கடையிலேயே செட்டப் செய்து தரச் சொல்லலாம்.

மேலே போகப் போக ஏறினால், பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கையும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் சுருதி காட்டும் மின்னணு ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் பெரும்பாலும் தந்தி தேய்ந்திருக்கும் அல்லது உயரமாக இருக்கும். முதலில் தந்தியை மாற்றுங்கள். செலவு குறைந்த வழி அதுதான்.

அறிகுறி: மேல் பலகையில் ஒரு கோடு

விரிசலா, வார்னிஷ் கீறலா? இருட்டறையில் மொபைல் டார்ச்சை ஒலித்துளைக்குள் விட்டு வெளியிலிருந்து பாருங்கள். கோட்டில் வெளிச்சம் கசிந்தால் மரமே விட்டிருக்கிறது. வெளிச்சம் வராவிட்டாலும், கோடு மரவரியோடு ஒட்டி நேராக ஓடி நகத்தில் தட்டுப்பட்டால் விரிசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வளைந்து வளைந்து மரவரிக்குக் குறுக்கே போவது வார்னிஷ் கீறல், அதை விட்டுவிடலாம்.

விரிசலில் எதையும் ஊற்ற வேண்டாம். எண்ணெய் இறங்கினால் பிறகு எந்தப் பசையும் ஒட்டாது. தந்தியைத் தளர்த்தி, இரண்டு வாரம் ஐம்பது சதவீதத்தில் வையுங்கள். வறட்சியால் வந்த விரிசல் பல நேரம் தானாகவே மூடிக்கொள்ளும். மூடினால் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வாய் மூடியிருக்கும்போதுதான் பசை விட்டு, உள்பக்கம் சின்னச் சின்ன மரத்துண்டு ஒட்டிப் பலப்படுத்த முடியும். அந்த நேரத்தில் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

அறிகுறி: மேலே பிசுபிசுப்பு, உள்ளே பூஞ்சை வாடை

கை படும் இடத்தில் மட்டும் பாலிஷ் மங்கிப் பிசுபிசுத்தால் கொசு விரட்டியைச் சந்தேகியுங்கள். டீட் கலந்த களிம்பு பல வகை பாலிஷையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். மாலையில் மொட்டை மாடியில் வாசிப்பவர்கள் களிம்பு பூசினால் கையைக் கழுவிவிட்டு எடுங்கள். வியர்வைக்கு உலர்ந்த பருத்தித் துணி போதும்.

பூஞ்சை வாடை பெரும்பாலும் கேஸின் வெல்வெட்டிலிருந்து வரும். கேஸைத் திறந்து வெயிலில் காயவையுங்கள், கருவியை வீட்டுக்குள்ளேயே விடுங்கள். ஒலித்துளை வழியாக மாவு மாதிரி தூள் கொட்டினாலோ, பலகையில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் தென்பட்டாலோ மரம் துளைக்கும் வண்டு இருக்கிறது; தூளைத் துடைத்துவிட்டு, கீழே கறுப்புத் தாள் விரித்து, புதுத் தூள் விழுகிறதா என்று சில நாள் பாருங்கள். விழுந்தால் கருவியைத் தனியே பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டு, அதன் பக்கத்திலிருந்த மரச்சாமான்களையும் சோதியுங்கள்.